பல்லைப் பார்க்காத பல் நிபுணர்கள்!

பல் வலி வந்தால் டாக்டரிடம் போகிறோம். "ஆ" காட்டச் சொல்லி விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார். "சொத்தை" என்கிறார். அடைக்கிறார், அல்லது பிடுங்குகிறார். பணத்தைக் கொடுத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்தபடி வீடு திரும்புகிறோம். அத்துடன் கதை முடிந்தது என்று நினைக்கிறோம்.

கதை அதற்கு வெகு முன்பே, வேறு எங்கேயோ ஆரம்பமாகிவிட்டது என்று சொல்லும் படிப்பாளிகள் சிலர் உலகில் இருக்கிறார்கள். அவர்களிடம் குறடு கிடையாது. மரத்துப்போகும் ஊசி கிடையாது. அவர்களில் சிலர் வாழ்நாளில் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கியதில்லை. ஆனாலும், பல் வைத்தியக் கல்லூரிகளில் அவர்கள் பேராசிரியர்கள்!

யாருக்குப் பல் கெடுகிறது? அவருக்கு மட்டும் ஏன் கெடுகிறது? வலி உயிர் போகும்போதுகூட அவர் ஏன் வைத்தியரிடம் வரவில்லை? பல் போனதோடு வேறு என்னென்ன போயிற்று? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதே அவர்கள் தொழில். பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்புக்கு 'வாய் ஆரோக்கியச் சமூகவியல்' என்று பெயர்.

"சோறு தின்கிற வாய்க்குச் சமூகவியல் வேறா?" என்று சிரிக்கத் தோன்றும். சிரிப்பதற்கு முன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தடவை போய் வாருங்கள்.

உள்ளங்கையில் ஒரு சிட்டிகை

கும்மிடிப்பூண்டி, தமிழ்நாட்டின் வடக்கு எல்லை. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதைத் தாண்டினால் ஆந்திரா. அங்கே 'சிப்காட்' தொழிற்பேட்டை இருக்கிறது. இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள், வார்ப்படச் சாலைகள், ரசாயனத் தொழிற்சாலைகள் எல்லாம் அங்கே உண்டு. ஷிப்டு முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் தமிழ் ஒரு பக்கம் கேட்கும். இந்தி ஒரு பக்கம் கேட்கும். ஒரியாவும் வங்காளியும் கலந்து கேட்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சற்று நின்று, இடது உள்ளங்கையில் புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டை விரலால் தேய்க்கிறார். தட்டுகிறார். தூசி பறக்கிறது. உடனே பக்கத்தில் நிற்கும் நாலு பேர் கை நீளுகிறது. ஆளுக்கு ஒரு சிட்டிகை. கீழ் உதட்டுக்குள் வைத்து அடக்கிக்கொள்கிறார்கள். இதுதான் கைனி.

"வடக்கத்தி ஆட்களுக்கு அது பழக்கம். என்ன செய்வது?" என்று நம்மில் பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கணக்கும் அதற்கு ஒத்தாசை செய்வதுபோல் இருக்கிறது. 2016-17-ல் இந்தியா முழுவதும் பெரியவர்களிடம் எடுத்த புகையிலைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 20 பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை உபயோகிக்கிறார்கள். பீகாரில் சுமார் 26 பேர். ஒடிசாவில் 45 பேருக்கு மேல்! அவர்களில் பெரும்பாலோர் புகைப்பதில்லை. வாயில் போட்டு அடக்குகிறவர்கள்.

சமூகவியல் படித்தவர் இந்தக் கணக்கோடு திருப்தி அடையமாட்டார். அவர் வேறு ஒரு கேள்வி கேட்பார்: "அந்தச் சிட்டிகை அந்த மனிதருக்கு என்ன வேலை செய்கிறது?"

யோசித்துப் பாருங்கள். உலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். பீடி பிடிக்க முடியாது. பிடிக்க விடவும் மாட்டார்கள். கைனியை உதட்டில் அடக்கினால் கைக்கு வேலை இல்லை. இரவு ஷிப்டில் தூக்கம் கலையும். பசி அடங்கினதுபோல் இருக்கும். ஊர், பாஷை எல்லாம் விட்டு வந்தவருக்கு, நீட்டிய கையில் விழும் ஒரு சிட்டிகைதான் சிநேகிதம். இன்னொன்றும் உண்டு. பல் வலித்தால் அந்த இடத்தில் புகையிலையை வைத்து மரக்கச் செய்வது நம் நாட்டில் பல பக்கங்களிலும் உள்ள கைவைத்தியம். ஆக, வாயைக் கெடுக்கும் பொருளே வாய் வலிக்கு மருந்தாகவும் ஆகிவிடுகிறது!

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-ல் தடை போட்டார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் உத்தரவு புதுப்பிக்கப்பட்டது. தடை நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால், பொட்டலத்தைத் தடுக்கலாம். 12 மணி நேர வேலையையும் இரவுத் தூக்கத்தையும் எந்த உத்தரவு போட்டுத் தடுப்பது?

பிடுங்கு, வேலைக்குப் போ!

வைத்தியத்துக்கு வருவோம். காண்டிராக்டரிடம் தினக்கூலி வாங்குபவருக்குப் பல் வலி. பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் 'ரூட் கெனால்' செய்ய வேண்டும். இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் பாதி நாள் போகும். கூலி போகும். பிடுங்குவதானால் ஒரே தடவை. மறுநாள் வேலைக்குப் போகலாம். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? "படிப்பில்லாதவர், பல்லின் அருமை தெரியாதவர்" என்று டாக்டர் நினைத்துக்கொள்வார். அருமை தெரியாமல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பிடுங்கச் சொல்கிறார்.

இது கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. தொழிற்சாலைகள் தோன்றிய நாள் முதல், தொழிலாளியின் வாய் அவர் செய்யும் தொழிலின் ரிஜிஸ்தர் மாதிரி இருந்து வந்திருக்கிறது.

1840-ல் ஹென்றி பர்ட்டன் என்ற லண்டன் டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஈயத்தின் விஷம் உடம்பில் ஏறியவர்களின் ஈறு ஓரத்தில், நீலக் கோடு ஒன்று ஓடியது. இன்றும் அதற்கு 'பர்ட்டன் கோடு' என்றே பெயர். பாட்டரித் தொழிலில் அமில ஆவியைச் சுவாசிப்பவர்களுக்கு முன்பற்கள் கரைந்து போவதும் வெகு நாளாகத் தெரிந்த விஷயம்.

எல்லாவற்றையும்விடக் கொடியது தீப்பெட்டித் தொழிலில் நடந்தது. அந்தக் காலத்தில் தீக்குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் உபயோகித்தார்கள். அந்தப் புகை பட்டவர்களுக்கு முதலில் வெறும் பல் வலிதான் வரும். அப்புறம் தாடை எலும்பே அழுகும்! லண்டனில் 1888-ல் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். பல் வலி என்று வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் அவர்களில் பலர். நோய்க் கேஸ்கள் 17-ஐ அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக 1898-ல் அதே கம்பெனிக்கு அபராதம் விழுந்தது. 1906-ல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவில் 1913-ல் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். நம் பெண்கள் தப்பித்தார்கள் என்று பெருமூச்சு விடலாம்.

அந்த லண்டன் பெண்களின் தாடையைக் காப்பாற்றியது எந்தப் பல் டாக்டர்? யாரும் இல்லை. சட்டம்தான் காப்பாற்றியது.

பல் டாக்டர்கள் நடுவே ஓர் அம்மையார்

இப்படிப்பட்ட விஷயங்களையே வாழ்நாள் படிப்பாக எடுத்துக்கொண்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் லோயிஸ் கோஹன் அம்மையார். இவர் பல் டாக்டர் இல்லை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1960-களில் அமெரிக்க சர்க்காரின் பொதுச் சுகாதார இலாகாவில், பல் சுகாதாரப் பிரிவில் சேர்ந்தார். சுற்றிலும் பல் டாக்டர்கள். நடுவே சமூகவியல் படித்த ஓர் இளம்பெண்!

பின்னர் அமெரிக்க தேசிய பல் ஆராய்ச்சிக் கழகத்தில் உயர்ந்த பதவிகளை வகித்தார். சுமார் 40 வருஷம் இதே துறையில் உழைத்தார்.

அவர் செய்த காரியங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓர் ஊரின் பல் நிலையை அளக்க, 1938 முதல் ஒரு கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. ஒருவருக்குச் சொத்தைப் பல் எத்தனை, போன பல் எத்தனை, அடைத்த பல் எத்தனை என்று எண்ணிக் கூட்டுவார்கள். வெகு சுலபமான கணக்கு. கோஹன் அம்மையார் 1976-ல் ஜாகோ என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். "பல்லை எண்ணுகிறீர்கள், சரி. பல் வலியால் எத்தனை நாள் வேலை போயிற்று? எத்தனை இரவு தூக்கம் போயிற்று? இதை யார் எண்ணுவது?" என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். நோயைப் பல்லில் மட்டும் அளந்தால் போதாது, வாழ்க்கையிலும் அளக்க வேண்டும் என்றார்கள்.

கேட்பதற்கு எளிய விஷயம். ஆனால், இந்தக் கேள்வியிலிருந்து ஒரு புதிய ஆராய்ச்சித் துறையே கிளம்பிற்று. கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில், பல் வைத்தியப் பிரிவில் இருந்த டேவிட் லாக்கரும் சமூகவியல்காரர்தான். நோய் எப்படி வலியாகி, வலி எப்படி இயலாமையாகி, இயலாமை எப்படி ஒருவரைச் சமூகத்தில் பின்தள்ளுகிறது என்று படிப்படியாக 1988-ல் எழுதிக் காட்டினார். 1994-ல் ஆஸ்திரேலியாவில் ஸ்லேட், ஸ்பென்சர் என்ற இருவர், நோயாளிகள் 64 பேரை உட்கார வைத்துப் பேச விட்டார்கள். "பல்லால் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்கள். 535 கஷ்டங்கள் வந்து விழுந்தன! அவற்றைச் சலித்து 49 கேள்விகளாக்கினார்கள்.

கலியாணப் பரிசு: பல்செட்!

பல் என்பது மருத்துவ விஷயம் மட்டும் இல்லை என்பதற்கு இங்கிலாந்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே தொழிலாளர் குடும்பங்களில் விசித்திரமான ஒரு வழக்கம் இருந்தது. கலியாணமாகப் போகும் பெண்ணுக்கு, அல்லது 21 வயது நிரம்பியவருக்கு, வீட்டார் கொடுக்கும் பரிசு என்ன தெரியுமா? இருக்கும் பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு முழுப் பல்செட்! நல்ல பல்லும் சேர்ந்துதான் போகும். "இனிமேல் பல் செலவே கிடையாது" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நிம்மதி. நம் ஊரில் நகை போட்டு அனுப்புகிறோம்; அங்கே நகைப்பதற்கே பல் போட்டு அனுப்பினார்கள்!

1948-ல் இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவச வைத்தியத் திட்டம் வந்தது. பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஜனங்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். சர்க்கார் திணறிப் போயிற்று. 1951-ல் அவற்றுக்குக் கட்டணம் போட்டார்கள். திட்டத்தைக் கொண்டுவந்த மந்திரி அனியூரின் பெவான் அதை எதிர்த்து ராஜினாமா செய்தார். பல்செட்டின் பேரால் ஒரு மந்திரி பதவி போயிற்று!

1968-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கணக்கெடுத்தபோது, பெரியவர்களில் 100-க்கு 37 பேருக்கு வாயில் ஒரு பல் கூடக் கிடையாது. 2009-ல் மறுபடி கணக்கெடுத்தார்கள். அப்போது 100-க்கு 6 பேர்தான். புளோரைடு சேர்ந்த பற்பசை வந்தது ஒரு காரணம். "பல் என்பது வயசானால் போகிற சரக்கு" என்ற எண்ணம் மாறியது இன்னொரு காரணம். பிடுங்கும் குறடு அதேதான். அதைக் கேட்டு வாங்கும் மனசு மாறிவிட்டது.

'ஆறு மாசத்துக்கு ஒரு தடவை' யார் சொன்னது?

கோஹன் அம்மையார் சமூகவியலிலிருந்து பல்லுக்கு வந்தவர். எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் ஆப்ரே ஷெயாம். இவர் பல் டாக்டராகவே படித்தவர். தென்னாப்பிரிக்காவில் 1936-ல் பிறந்தார். நிறவெறி ஆட்சி நடந்த நாடு. எந்தத் தோலில் பிறந்தோம் என்பதைப் பொறுத்து எந்த ஆஸ்பத்திரி என்று தீர்மானமான நாடு. அங்கிருந்து லண்டனுக்கு வந்து, லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று உலகம் முழுவதும் சொல்கிறார்களே, அதற்கு விஞ்ஞான ஆதாரம் என்ன என்று 1977-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் கேட்டார் ஷெயாம். எல்லோருக்கும் ஒரே கெடு வைக்க ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். டாக்டர்களின் வரும்படியில் கை வைக்கிற கேள்வி! எதிர்ப்புக் கிளம்பாமல் இருக்குமா? ஆனால், 27 வருஷம் கழித்து, 2004-ல், இங்கிலாந்தின் அதிகாரபூர்வமான மருத்துவ ஆலோசனைக் குழுவே வழிக்கு வந்தது. ஆளுக்கு உள்ள அபாயத்தைப் பார்த்து, 3 மாதம் முதல் 24 மாதம் வரை கெடு வைக்கலாம் என்று கூறிவிட்டது.

சர்க்கரைதான் பல்லின் முதல் எதிரி, அதைக் குறைக்காமல் டாக்டர்களைப் பெருக்கிப் பயனில்லை என்பதை ஷெயாம் கடைசிவரை சொல்லி வந்தார். 2015-ல் காலமானார்.

அவர் தாய்லாந்து மாணவர்களுடன் சேர்ந்து செய்த ஓர் ஆராய்ச்சிதான் நம் கும்மிடிப்பூண்டிக்கு அப்படியே பொருந்துகிறது. தாய்லாந்தில் ஒரு கிராமப் பகுதி. பல் நோய் குறைவாக உள்ள ஜனங்கள் என்று பெயர் பெற்ற இடம். 35 வயது முதல் 44 வயது வரை உள்ள சுமார் 500 பேரிடம் போனார்கள். கேட்டது எட்டே விஷயம்: சாப்பிட முடிந்ததா? பேச முடிந்ததா? பல் துலக்க முடிந்ததா? தூங்க முடிந்ததா? கூச்சமில்லாமல் சிரிக்க முடிந்ததா? எரிச்சல் படாமல் இருக்க முடிந்ததா? வேலை பார்க்க முடிந்ததா? நாலு பேரோடு பழக முடிந்ததா?

1996-ல் முடிவு வெளிவந்தது. நோய் குறைவு என்று சொன்ன ஊரில், 100-க்கு 73 பேர், கடந்த ஆறு மாதத்தில் ஏதாவது ஒன்றில் கஷ்டப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள்! முதலிடம் சாப்பாட்டுக்கு. அதை ஒட்டியே மன அமைதி. பல்லை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

நெருப்பை வாய்க்குள் வைக்கும் பெண்கள்

நம் நாட்டுக்கு வருவோம். வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சியில் உலகத்துக்கு வழிகாட்டியது தென்னாடு. அதிலும் நாகர்கோவிலுக்கு அருகே உள்ள நெய்யூர். அந்தக் காலத்தில் திருவாங்கூர் சமஸ்தானம். 1956 முதல் தமிழ்நாடு. அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வாய்ப் புற்று நோயாளிகள் வந்து குவிந்தார்கள். அவர்களைப் பற்றி 1908-லேயே இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வந்திருக்கிறது. 1933-ல் டாக்டர் ஐயன் ஆர், வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லுவதற்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை 'லான்செட்' பத்திரிகையில் விளக்கினார்.

புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிவித்தது. "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1960-களின் பிற்பகுதியில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பாலி மேத்தாவும், டென்மார்க் நாட்டுப் பேராசிரியர் பிண்ட்போர்கும் சேர்ந்து ஒரு பெரிய காரியம் செய்தார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போனார்கள். பவநகர், எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், தர்பங்கா, சிங்பூம் என்று ஐந்து ஜில்லாக்கள். பார்த்த வாய்கள் 50,915!

ஸ்ரீகாகுளத்தில் அவர்கள் கண்டது அதிசயமான காட்சி. 'சுட்டா' என்ற சுருட்டைக் கொளுத்தி, நெருப்பு எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கிறார்கள்! ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அந்த ஜில்லாவில் மட்டும் 10,169 பேரைப் பரிசோதித்தார்கள். மேல் அண்ணத்தில் வெந்த தடங்கள், புண்கள், புற்று.

ஏன் இப்படி? "அறியாமை" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கேட்டுப் பார்த்தால், காரணங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. காற்றடித்தாலும் தண்ணீர் தெறித்தாலும் நெருப்பு அணையாது. ஒரு சுட்டா வெகு நேரம் வரும். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அம்மா. அம்மாவுக்கு? அவள் அம்மா. வெயிலிலும் ஈரத்திலும் நாள் முழுவதும் பாடுபடும் பெண்ணின் வாழ்க்கைக்கு ஏற்றபடி அமைந்துவிட்ட வழக்கம் அது.

இது தெரிந்ததனால்தான் அடுத்த காரியம் நடந்தது. ஸ்ரீகாகுளம், எர்ணாகுளம், பவநகர் ஆகிய மூன்று ஜில்லாக்களில், புகையிலை உபயோகிக்கும் 36 ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள் ஆளாகப் பேசினார்கள். சினிமா காட்டினார்கள். ரேடியோவிலும் பத்திரிகையிலும் சொன்னார்கள். வருஷங்கள் ஓடின. மேத்தாவுடன் இந்த வேலையில் ஈடுபட்டிருந்த பிரகாஷ் குப்தா, டாக்டர் இல்லை, புள்ளியியல்காரர். 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். பழக்கத்தை விட்டவர்கள் அதிகமானார்கள். புற்றுக்கு முந்திய வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்தது. கத்தி இல்லை, மருந்து இல்லை. பேச்சிலேயே ஆன காரியம்!

அப்படியும் 2022-ல் இந்தியாவில் புதிதாக வாய்ப் புற்று வந்தவர்கள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் என்று சர்வதேச மதிப்பீடு கூறுகிறது. செய்ய வேண்டியது எவ்வளவு பாக்கி இருக்கிறது பாருங்கள்.

கறை படிந்த பல்லும் காவிரித் தண்ணீரும்

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆந்திராவின் நெல்லூர்ப் பக்கம். பழைய சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த ஜில்லா. அங்கே சில கிராமங்களில் ஜனங்களின் பல்லில் பழுப்புக் கறை. நாளடைவில் முதுகு வளையாமல் விறைத்துப்போகும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த டாக்டர் ஷார்ட்டும், சி. ஜி. பண்டிட் முதலியவர்களும் ஆராய்ந்து, குடிதண்ணீரில் உள்ள புளோரைடுதான் காரணம் என்று 1937-ல் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னது அந்த ஆராய்ச்சிதான்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலும் இதே தொல்லை. பல்லில் கறை இருந்தால் பெண்ணுக்கு வரன் அமைவதுகூடச் சிரமம். வாயைத் திறந்து சிரிக்கவே கூச்சப்படுவார்கள். பற்பசையால் தேய்த்துப் போகிற கறையா அது? ஆழ்துளைக் கிணற்றுக்குப் பதில் வேறு தண்ணீர் வர வேண்டும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை அந்த ஜில்லாக்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அதன் பெயரிலேயே புளோரைடு நோய்த் தடுப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. குழாய் போட்ட இன்ஜினீயரும் ஒரு பல் வைத்தியர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

யார் படிக்கலாம்?

இந்தியாவில் பல் வைத்தியக் கல்லூரிக்கு வித்திட்டவர் டாக்டர் ரபியுதீன் அகமது. 1920-ல் கல்கத்தாவில் தொடங்கினார். கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அவர் நடத்திய ஐஸ்கிரீம் கடையிலிருந்து! (பல் டாக்டர் ஐஸ்கிரீம் விற்றால் இரண்டு தொழிலும் நடக்கும் என்று யாரோ கேலி செய்திருக்கத்தான் வேண்டும்.) சென்னையில் 1953-ல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் வைத்தியப் படிப்பு ஆரம்பமாயிற்று. இன்று இந்தியாவில் பல் வைத்தியக் கல்லூரிகள் 300-க்கு மேல். திருவள்ளூர் மாவட்டத்திலேயே பல இருக்கின்றன.

பி.டி.எஸ். படிப்பவர்களுக்குச் சமூகவியல் ஒரு சிறு பாடமாக இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள். மேலே படிக்க விரும்பினால், எம்.டி.எஸ். பட்டத்தில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்று மூன்று வருஷப் படிப்பு உண்டு. கிளினிக் வைத்து உடனே சம்பாதிக்க உதவாத படிப்பு என்பதால் இதற்குப் போட்டி குறைவு. சமூகவியலில் எம்.ஏ. படித்தவர்களுக்கோ இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது. இங்கிலாந்தில் ஷெபீல்டு பல்கலைக்கழகப் பல் வைத்தியப் பள்ளியில், பாரி கிப்சன் என்பவர் மருத்துவச் சமூகவியல் பேராசிரியர் பதவியே வகித்திருக்கிறார். நம் கல்லூரிகளிலும் அப்படி ஒரு நாற்காலி போட்டால் என்ன என்பது என் அபிப்பிராயம்.

வேலைக்கு இடம் தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி ஒன்றே போதும். பழவேற்காட்டில் மீனவர்கள், ஏரிக்கரை ஓரங்களில் இருளர்கள், கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம், தொழிற்பேட்டையில் நாலு மாநிலத்துத் தொழிலாளர்கள். அடுத்தடுத்து வசிக்கும் இவர்களில் யார் எதைத் தின்கிறார்கள், யார் எத்தனை டீ குடிக்கிறார்கள், யாருக்கு எந்த வயதில் எந்தப் பல் போகிறது, போனதும் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒருவர் பத்து வருஷம் கூடவே இருந்து எழுதினால், அது உலகத்துக்கே பாடப் புத்தகமாகும்.

அப்படிக் கிளம்புகிற மாணவர் தமிழோடு இந்தியும், கொஞ்சம் ஒரியாவும் கற்றுக்கொள்வது நல்லது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஆலை வாசலில் போய் நின்று, வாயைத் திறக்கச் சொல்ல வேண்டாம். இரவு ஷிப்டு முடிந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் தாமும் உட்கார்ந்து, "எத்தனை மணி நேரம் வேலை? தூங்கி எத்தனை நாள் ஆயிற்று, அண்ணே?" என்று ஆரம்பிக்கலாம்.